எல்ஃப் மொழிச் சொற்களுக்குத் தமிழில் வேர் தேடுவது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் அண்மையில் வெளிவந்த ஒரு கட்டுரை, ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்ஃப் என்னும் கற்பனை இனத்தாருக்கு உரியவையாகப் படைத்த மொழிகளுக்குத் தமிழே வேர் என்று ஐந்து சொற்களைக் கொண்டு வாதிட்டது. விண்மீனைக் குறிக்கும் 'எலென்' நம் 'எல்' என்றும், பாதத்தைக் குறிக்கும் 'தால்' நம் 'தாள்' என்றும், தண்ணீரைக் குறிக்கும் 'நேன்' நம் 'நீர்' என்றும், தாயைக் குறிக்கும் 'அம்மே' நம் 'அம்மா' என்றும், கதையின் கொடியோனாகிய 'சவுரோன்' நம் 'சூரன்' என்றும் அக்கட்டுரை கூறியது. தமிழ்மீது கொண்ட பற்றினால் எழுதப்பட்டது அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் முடிவு தவறானது. எந்த இடத்தில் அது வழி தவறியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருப்பதால், இந்த நீண்ட கடிதத்திற்கு இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். படிவம் நான்கில் பயிலும் என் பேத்தி இரண்டு ஆண்டுகளாக டோல்கீனின் நூல்களை ஆங்கிலத்தில் ஆர்வத்தோடு படித்து வருகிறாள். அந்த ஞாயிறு காலை பசியாறும் மேசையில் அமர்ந்து, அக்கட்டுரையை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். "தாத்தா, தாள்னா பேப்பர்தானே? இதுல காலுன்னு போட்டிருக்காங்களே?" என்று நடுவில் நிறுத்திக் கேட்டாள். தேர்வில் முதல் தாள், இரண்டாம் தாள் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். திருக்குறளின் இரண்டாவது பாட்டில் வரும் 'நற்றாள்' என்பதை நல் + தாள் என்று பிரித்துக் காட்டியபோது அவள் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. மறுநாள் பள்ளியில் தோழிகள் அனைவரிடமும் அச்செய்தியைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் புதன்கிழமை மாலை, தன் நூல் ஒன்றின் பின்னிணைப்பில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, கட்டுரையில் சொன்னதும் இதில் இருப்பதும் ஒத்துவரவில்லையே என்று கேட்டாள். அதன்பின் நான்கு மாலைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் அச்சொற்களை ஆராய்ந்தோம். இக்கடிதத்தில் நான் எழுதுவன பெரும்பாலும் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவையே.

டோல்கீன் (1892–1973) கதாசிரியராக அறியப்படுவதற்கு முன்பே சொல்லாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவர். 1919, 1920 ஆம் ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பணிமனையில் டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்கள் சிலவற்றின் பிறப்பை எழுதினார்; கடலில் வாழும், நீண்ட தந்தங்கள் கொண்ட 'வால்ரஸ்' என்னும் விலங்கின் பெயருக்கு மட்டும் பல வரைவுகளை எழுதி எழுதித் திருத்தினார். பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும், 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டிலும் பழைய ஆங்கிலத்தையும் அதன் இலக்கியத்தையும் கற்பித்தார். 1915 அளவிலேயே தாம் படைத்த முதல் எல்ஃப் மொழிக்கு வேர்ச்சொற்களின் அடிப்படையில் ஓர் அகராதி தொகுக்கத் தொடங்கிவிட்டார். 1930களின் பிற்பகுதியில் அவர் எழுதிய மற்றொரு வேர்ச்சொல் தொகுப்பு, அவர் மகனால் பதிப்பிக்கப்பட்டு 1987இல் அச்சேறியது. மொழிகளுக்காகவே கதைகள் தோன்றின, கதைகளுக்காக மொழிகள் தோன்றவில்லை என்று அவரே கடிதங்களில் எழுதியுள்ளார். ஆகவே அவருடைய சொற்கள் காதுக்கு இனிமையாக இருக்கும்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்தவை என்று எண்ணி ஆராய்ச்சியைத் தொடங்குவதே பிழை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேரும், அந்த வேரிலிருந்து இன்றைய வடிவம் வரை வந்து சேர்ந்த வழியும், அந்த வழியை ஆளும் ஒலிவிதிகளும் உண்டு.

அந்த விதிகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டோல்கீன் மிக விரிவாக வளர்த்த மொழிகள் இரண்டு. ஃபின்னிஷ் மொழியின் ஓசையில் மனத்தைப் பறிகொடுத்து உருவாக்கியது குவென்யா. வெல்ஷ் மொழியின் சாயலில் அமைந்தது சிந்தாரின். இரண்டும் ஒரே தாய்மொழியின் பிள்ளைகள் என்பது கதைக்குள் உள்ள வரலாறு. என் பேத்தி நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் நடுவே கோடிட்டு, இடப்புறம் நீல மையில் குவென்யாவையும் வலப்புறம் சிவப்பு மையில் சிந்தாரினையும் எழுதினாள். சொல் என்பதற்கு இடப்புறம் 'குவெத்தா', வலப்புறம் 'பெத்'. மூடிய கைக்கு இடப்புறம் 'குவார்', வலப்புறம் 'பவுர்'. ஆள் என்பதற்கு இடப்புறம் 'குவேன்', வலப்புறம் 'பென்'. மூன்றாவது வரியை எழுதி முடித்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தாய்மொழியில் 'க்வ' என்று இருந்த ஒலி, ஒரு மகளிடம் அப்படியே நிற்க, மற்றொரு மகளிடம் 'ப' ஆகிவிட்டது. ஒரு சொல்லில் மட்டுமல்ல, அந்த ஒலி சொல்லின் தொடக்கத்தில் நின்ற இடங்களில் எல்லாம். இதை அறிந்துகொண்டவர்களுக்குக் 'கெலெப்ரிம்போர்' என்ற பெயரும் 'தெல்பெரின்குவார்' என்ற பெயரும் கதையில் வரும் ஒரே எல்ஃபைக் குறிப்பது வியப்பளிக்காது. முதலது சிந்தாரின், இரண்டாவது குவென்யா. இரண்டுக்கும் 'வெள்ளிக்கை' என்பதே பொருள். கடைசி அசையில் 'பவுர்' மெலிந்து நிற்கிறது. 'குவார்' மாறாமல் நிற்கிறது.

இந்த விதியை டோல்கீன் வெறுமனே கற்பனை செய்துவிடவில்லை. பழைய ஐரிஷ் மொழியில் தலைக்குக் 'கென்' என்று பெயர். வெல்ஷ் மொழியில் அதே சொல் 'பென்'. உண்மையான மொழிக்குடும்பங்களில் கண்ட ஒழுங்கைத்தான் அவர் தம் படைப்பிலும் கையாண்டார். நம் வீட்டிலும் அதற்கு நிகரானது உண்டு. தமிழில் பால், பல், புலி, பாம்பு. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹாவு. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில் தொடங்கியவையே. பிற்காலத்தில் வரிசையாக ஹகரமாயின. தமிழ் 'செவி'யும் கன்னடக் 'கிவி'யும் உறவுடையவை என்று சொல்லும்போது, கேட்பதற்கு ஒன்றுபோல் இருக்கின்றன என்பதற்காக நாம் அதைச் சொல்வதில்லை. தமிழில் இகர, எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் சகரமானது என்ற விதி அங்கே இருக்கிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணமும், பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இந்த ஒழுங்கின்மீது கட்டப்பட்டவை. தமிழின் உறவுகளை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஒழுங்கே காரணம். அதே ஒழுங்கை எல்ஃப் மொழி விஷயத்தில் நாம் தூக்கி எறிந்தால், நம் கையில் இருக்கும் நல்ல நாணயத்தையும் செல்லாக் காசோடு கலந்துவிடுகிறோம்.

இனி, கட்டுரை காட்டிய சொற்களுக்கு வருகிறேன். 'தால்' மிகக் கவர்ச்சியான சான்று. ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. ஆனால் குவென்யாவில் இச்சொல்லின் வேர் நெடில் அன்று. வேர் 'தல்' என்னும் குறில். ஓரசைச் சொல்லாகத் தனித்து நிற்கும்போது மட்டும் உயிர் நீள்கிறது, உருபு ஏற்றால் மீண்டும் 'தல்' என்று குறுகிவிடுகிறது. தமிழில் யாம் என்பது எம்மை என்றும், நாம் என்பது நம்மை என்றும் குறுகுவதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் நம் 'தாள்' அப்படிக் குறுகுவதில்லை. தாளை, தாளால், தாளில், தாள்கள் என்று எங்கே வந்தாலும் அதன் நெடில் நெடிலாகவே நிற்கிறது, ஏனெனில் அந்த நெடில் வேரிலேயே உள்ளது. மேலும் நம் சொல்லின் ஈறு ளகரம். நாவை மடித்து ஒலிக்கும் ளகர, ழகர, ணகரங்கள் எல்ஃப் மொழிகளில் கிடையாது. உயிரும் வேறு, மெய்யும் வேறு, இரண்டும் மாறும் முறையும் வேறு. மேல்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிந்தவை, ஓர் உருபைச் சேர்த்த உடனே பிரிந்து போய்விட்டன.

'நேன்', 'நீர்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குவென்யாவிலும் சிந்தாரினிலும் அச்சொல்லின் ஈறு னகர ஒலியே. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் நம் சொல்லில் ரகரமே. இரு பக்கமும் உறுதியாக நிற்கும்போது நடுவில் பாலம் எங்கே? 'அம்மே' என்பதோ குழந்தை முதலில் இதழ்களைக் கூட்டி எழுப்பும் ஒலியிலிருந்து பிறக்கும் சொல். மலாய் 'எமாக்' முதல் எத்தனையோ மொழிகளில் தாயின் பெயர் மகரத்தைச் சுற்றியே வருகிறது. மொழியியலறிஞர் ரோமன் யாக்கோப்சன் 1960 அளவில் இதற்கான காரணத்தையே தனிக் கட்டுரையாக விளக்கியிருக்கிறார். அத்தகைய சொல் எந்த உறவுக்கும் சான்றாகாது.

'சவுரோன்' என்ற பெயரின் வரலாறு இவற்றைவிடச் சுவையானது. அது 'தவ்' என்னும் வேரிலிருந்து பிறந்தது என்றும், அருவருக்கத்தக்கது என்ற பொருளுடைய சொல்லே அதன் அடிப்படை என்றும் டோல்கீன் 1967இல் எழுதிய ஒரு கடித வரைவில் விளக்கியுள்ளார். அந்த வேரின் முதலொலி, ஆங்கிலத்தில் மெலிவு என்ற பொருளுள்ள 'தின்' என்னும் சொல்லின் முதலில் வரும், நாநுனி பல்லைத் தொட்டு மூச்சு கசியும் ஒலி. சிந்தாரினில் அது மாறாமல் நிற்பதால்தான் அவனுக்கு அம்மொழியில் 'கோர்தவுர்' என்று பெயர். குவென்யாவிலோ அவ்வொலி காலப்போக்கில் சகரமாயிற்று. ஆக, சவுரோனின் முதலெழுத்துச் சகரமே பிற்காலத்தது. அச்சமென்றும் வருத்தும் தெய்வமென்றும் சங்க நூல்களில் பொருள்படும் 'சூர்' தொடக்கம் முதலே சகரத்தில் நிற்பது. இவ்விரண்டையும் இணைப்பது, வேறு வேறு ஊர்களில் புறப்பட்டு ஒரே நிலையத்தில் ஒரு நிமிடம் நின்ற இரு பேருந்துகளை ஒரே பேருந்து என்பதற்கு ஒப்பாகும்.

அந்த ஒலிமாற்றத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. டோல்கீன் தம் முதிய வயதில், 1968 அளவில் எழுதி, 1996இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், இந்த ஒரே ஒலியை வைத்து ஒரு குடும்பப் பகையை விவரிக்கிறார். ஃபெயனோர் என்னும் எல்ஃப் இளவரசனின் தாய்க்குத் தையற்கலையால் வந்த பெயர் 'தெரிந்தே'. அவள் பழைய ஒலியையே விரும்பினாள். தன் பெயரையும் அவ்வாறே பிறர் ஒலிக்க வேண்டும் என்றாள். அவள் மறைந்த பின், தந்தை மறுமணம் செய்துகொண்ட வீட்டில் எல்லாரும் சகரத்திற்கு மாறிவிட்டனர். மகன் மட்டும் பழைய ஒலியை விடவில்லை. சகரத்தை ஒலிப்பவர்கள் தன் தாயை அவமதிக்கிறார்கள் என்று கொண்டான். வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்லும் பிள்ளையை ஒவ்வொரு நாளும் திருத்திய ஆசிரியன் என்ற முறையில், ஓர் எழுத்தின் ஒலிப்பில் ஒரு மனிதனின் அன்பும் மானமும் எவ்வளவு தங்கியிருக்க முடியும் என்பதை நான் அறிவேன். இத்தனை நுட்பத்தோடு அமைத்த ஒரு பெயரைச் 'சூரன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது படைத்தவருக்குச் செய்யும் நீதி அன்று.

ஐந்தில் 'எல்' மட்டுமே எங்களை உண்மையாகத் தடுத்து நிறுத்தியது. தமிழில் எல் என்றால் ஒளி. 'எல்லே இலக்கம்' என்று தொல்காப்பியமே சொல்கிறது. எல்ஃப் மொழிகளில் எலென் என்றால் விண்மீன். 'எலென்தாரி' என்றால் விண்மீன்களின் அரசி. 1959–60இல் எழுதி 1994இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், அச்சொல்லின் தோற்றத்தை டோல்கீன் விளக்குகிறார். எல்ஃப் மக்கள் முதன்முதலாகக் கண் விழித்து வானத்து விண்மீன்களைக் கண்டபோது, 'எலே!' என்று வியந்து கூவினர்; 'இதோ, காண்!' என்ற அந்தக் கூவலே பின்னர் விண்மீனுக்குப் பெயராயிற்று. இதைப் படித்ததும் என் பேத்தி, "மார்கழியில நம்ம கோவில்ல 'எல்லே இளங்கிளியே'ன்னு பாடுவோமே தாத்தா!" என்று துள்ளி எழுந்தாள். ஆண்டாள் பாட்டில் அந்த 'எல்லே' தோழியை விளிக்கும் வியப்புச் சொல். பொருளில் ஒன்று, வியப்பில் ஒன்று என இரண்டு இடத்தில் ஒத்துப்போகிறது. எனக்கும் நெஞ்சு ஒரு கணம் நெகிழத்தான் செய்தது. ஆனால் தமிழில் ஒளி என்ற 'எல்'லும் விளியாகிய 'எல்லே'யும் தம்முள் உறவுடையவை என்று நாம் காட்டியாக வேண்டும். டோல்கீன் தமிழைக் கற்றார் அல்லது ஏதேனும் ஒரு நூல் வழியாக அச்சொல்லை அறிந்தார் என்பதற்கும் சான்று வேண்டும். கட்டுரையாளர் இரண்டையும் காட்டவில்லை. ஓருயிரும் ஒரு மெய்யும் மட்டும் கொண்ட சிறிய வேர்கள் எந்த இரு மொழிகளிலும் தற்செயலாக ஒத்துவருவது இயல்பு. நாம் நாள்தோறும் பேசும் மலாயில் கண்ணுக்கு 'மாத்தா'. இன்றைய கிரேக்கத்தில் கண்ணுக்கு 'மாத்தி'. முன்னது ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் பழஞ்சொல், பின்னது பழைய கிரேக்கத்தின் 'ஒம்மாத்தியோன்' தேய்ந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சொல்லின் உள்ளே தெரிந்த சொல் ஒன்றைக் கண்டு ஏமாறும் பழக்கத்தை டோல்கீன் தம் கதை மாந்தருக்கும் கொடுத்திருக்கிறார். 'கலட்ரியெல்' என்ற எல்ஃப் தலைவியின் பெயர், ஒளிமாலை சூடிய மங்கை என்று பொருள்படுவது. அதில் உள்ள 'கலட்' சிந்தாரினில் ஒளிர்வைக் குறிக்கும். அவளோ மரங்கள் சூழ்ந்த நாட்டில் வாழ்பவள். மரத்துக்கு அம்மொழியில் 'கலத்'. ஆகவே அந்நாட்டுக்கு வெளியே உள்ளவர்கள் அவள் பெயரையே மரத்தோடு தொடர்புபடுத்தி மாற்றி ஒலித்தார்கள் என்று அவர் குறிப்பிடுகிறார். குவென்யாவைக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்: முதலில் நின்ற ககரம் அங்கே உதிர்ந்து, மரம் 'அல்தா' ஆகிறது, ஒளிர்வு 'அலத்தா' ஆகிறது. நம் நாட்டுத் தலைநகரின் பெயரைத் தமிழில் கோலாலம்பூர் என்று எழுதுவதால், காஞ்சிபுரம், சிங்கப்பூர் என்பவற்றோடு சேர்த்து, அதில் ஒரு 'புரம்' இருப்பதாக நம்பும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் சந்தித்திருக்கிறேன். அது 'கோலா', 'லும்பூர்' என்று பிரிய வேண்டிய பெயர். ஆறுகள் கூடும் இடம் ஒன்று, சேறு மற்றொன்று. 'பூர்' என்பதைத் தனியே வெட்டி எடுத்தால் சேற்றின் பாதிதான் கையில் மிஞ்சும்.

டோல்கீன் வெளியிலிருந்து எதையும் எடுக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்தபோது அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். 'எயாரெந்தில்' என்ற பெயர் பழைய ஆங்கிலப் பாடல் ஒன்றில் அவர் கண்டு மயங்கிய 'எயாரெந்தெல்' என்னும் சொல்லே; அதைத் தம் மொழிக்குள் கொண்டுவந்து, கடலின் அன்பன் என்று புதுப்பொருள் கொடுத்து, அதற்குரிய வேர்களையும் அமைத்துக்கொண்டார். கல்லைக் குறிக்கும் 'கொந்த்' என்ற சொல்லுக்கு, சிறுவயதில் படித்த ஒரு நூலில், ஐரிஷ், வெல்ஷ் முதலிய கெல்டிக் மொழிகளுக்கு முந்தைய சொல்லாகக் காட்டப்பட்டிருந்த ஒன்று தூண்டுதலாக இருந்தது என்றும் கூறியுள்ளார். அதே வேளையில், முன்னே சொன்ன 1967ஆம் ஆண்டுக் கடிதத்தில், ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து வாசகர்கள் மூலம் தேடுவதைக் கண்டித்திருக்கிறார். 'மோரியா' என்ற சுரங்கத்தின் பெயரை விவிலியத்தில் வரும் மோரியா மலையோடு இணைத்தவர்களுக்கு, அது கரிய பிளவு என்று பொருள்படும் 'மோர்', 'இயா' என்னும் இரு சொற்களின் சேர்க்கை என்று விடை சொன்னார். ஒரு சொல் கதைக்குள் எந்த வேரிலிருந்து வளர்ந்தது என்பது ஒரு கேள்வி. ஆசிரியர் அதை எந்த ஆண்டில் எப்படி அமைத்தார், பின் எப்படி மாற்றினார் என்பது மற்றொரு கேள்வி. நம் உலகத்தின் எந்த மொழி அவருக்குத் தூண்டுகோலாயிற்று என்பது இன்னொன்று. கட்டுரையாளர் இம்மூன்றையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டார். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியர் சொன்னது இயற்கை மொழிகளுக்கு. இங்கே காரணம் பெரும்பாலும் அச்சிலேயே கிடைக்கிறது. கிடைப்பதைப் படிக்காமல் ஊகிப்பதற்கு இடமே இல்லை.

தமிழ் வாசகர் எல்ஃப் மொழியில் தம்மை அடையாளம் காண விரும்பினால், அதற்கு உண்மையான இடங்கள் உண்டு. அவை பிறப்புறவைக் காட்டுவன அல்ல, ஆயினும் மகிழ்ச்சி தருவன. குவென்யா நம் மொழியைப் போலவே உருபுகளை ஈற்றில் ஒட்டிக்கொண்டே போகும். கப்பல் 'கிர்யா', கப்பலுக்குள் 'கிர்யாஸ்ஸே', கப்பலை நோக்கி 'கிர்யான்னா', கப்பலிலிருந்து 'கிர்யால்லோ'. அதன் எழுத்துமுறையில் மெய்யெழுத்துகள் பிறப்பிடத்தின்படி நிரல்பட நிற்கின்றன. உயிர்கள் குறிகளாகி மெய்யின்மேல் அமர்கின்றன. இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது ஒரு வாழ்த்து. இருவர் சந்திக்கும்போது, நம் சந்திப்பின் வேளைமீது விண்மீன் ஒளிர்கிறது என்று எல்ஃப் மக்கள் சொல்வார்கள். 1954இல் வந்த முதற்பதிப்பில் 'நம் சந்திப்பின்' என்பதற்கு 'ஒமெந்தியெல்மோ' என்றிருந்தது; 1960களில் திருத்திய பதிப்பில் அது 'ஒமெந்தியெல்வோ' ஆயிற்று. கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும் 'நம்', சேர்க்காமல் சொல்லும் 'எங்கள்' என்னும் வேறுபாடு குவென்யாவில் உண்டு. அதற்குரிய விகுதிகளை டோல்கீன் மாற்றி அமைத்ததால் வந்த திருத்தம் இது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், ஆங்கில வாசகருக்கு இதை விளக்கப் பத்தி பத்தியாக எழுத வேண்டியிருக்கிறது. என் பேத்திக்கு நான் விளக்கவே இல்லை. "எங்கள் சந்திப்புன்னா எதிர்ல நிக்கிறவர் வெளியே போயிடுறாரு, அதான் மாத்தியிருக்காரு" என்று அவளே சொன்னாள். மலாயின் 'கித்தா', 'காமி' இரண்டையும் எழுதி அருகே வைத்தாள்.

சொற்பிறப்பைத் தேடும் ஆர்வம் நம் இளையோரிடம் இருக்கிறது என்றால், அதற்குரிய விளைநிலம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. ஜார்ஜ்டவுனில் பசார் தெருவில் நடந்தால் பத்து அடிக்கு ஒரு பலகையில் 'கெடாய்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். அது நம் 'கடை' என்பது பலருக்கும் தெரியும். கட்டில் மலாயில் 'காத்தில்' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும், சுருட்டு 'செருத்து' ஆனதும் தெரிந்திருக்கும். ஆனால் கடையில் உள்ள டகரம் அங்கே மென்மையாகவும், கட்டில், பெட்டி, சுருட்டு ஆகியவற்றில் வன்மையாகவும் ஏன் போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. தனித்து உயிர்களுக்கு நடுவே நிற்கும் டகரத்தை நாம் மென்மையாக ஒலிக்கிறோம். இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கிறோம். நம் எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம். மலாய்க் காதோ தான் கேட்டதை வேறுபடுத்தியே பிடித்துக்கொண்டது. வகை 'பாகாய்' ஆனபோது தனிக் ககரம் மெலிந்தே சென்றது. கப்பல் 'காப்பால்' ஆனபோது இரட்டைப் பகரம் வலிந்தே சென்றது. இச்சொற்கள் கடல் கடந்த காலத்தில் தமிழ் எப்படி ஒலித்தது என்பதற்கு மலாய் மொழியே ஒலிப்பதிவு போல நின்று சான்று கூறுகிறது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், குவென்யாவுக்கும் சிந்தாரினுக்கும் போட்ட அதே நடுக்கோட்டைப் போட்டு இச்சொற்களை எழுதினோம். டோல்கீன் கற்பித்த முறையை வைத்துப் பினாங்குத் தெருப்பலகையைப் படிக்க முடிந்ததே அந்த நான்கு மாலைகளில் எங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு.

உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலாக 1966இல், தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், கோலாலம்பூரில்தான் கூடியது. தமிழைப் பற்றி உலகத்தின் முன் பேசும்போது சான்றோடு பேச வேண்டும் என்ற நோக்கில் கூடிய அவை அது. அந்த மண்ணிலிருந்து வெளிவரும் தமிழ் நாளிதழை நம்பி ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தான் படித்ததைப் பள்ளியில் எடுத்துச் சொல்கிறாள். இரண்டு நாளில் தன் நூலாலேயே மறுக்கப்பட்டுத் திரும்பி வருகிறாள். இனி அவள் தமிழின் தொன்மை குறித்து உண்மையாகவே நிறுவப்பட்ட செய்தி ஒன்றைப் படித்தாலும், ஒரு கணம் தயங்குவாள் அல்லவா? அந்தத் தயக்கமே என்னை எழுத வைத்தது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அக்கட்டுரையின் முடிவுகளுக்கு டோல்கீன் எழுதிய விளக்கங்கள் மாறாக உள்ளன என்ற குறிப்பு ஒன்றை ஞாயிறு மலரிலேயே, கட்டுரை வந்த பக்கத்திலேயே, வெளியிட வேண்டும். அத்துடன், மாதம் ஒருமுறையேனும் மலாய்க்கும் தமிழுக்கும் இடையே போய்வந்த சொற்களை மாணவர்கள் ஆராய்ந்து எழுதுவதற்கு அரைப்பக்கம் ஒதுக்க வேண்டும். எழுதுபவர் சொல்லின் பழைய வடிவத்தையும், ஒலி மாறிய விதியையும், அதே விதிக்கு வேறு இரண்டு சொற்களையும் காட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். அப்படி ஒரு பகுதி தொடங்கினால், வந்து சேரும் கடிதங்களைப் படித்துத் தரம் பிரித்துத் தர, ஊதியம் ஏதுமின்றி நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் பேத்தியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து நான்கு பக்கங்களை நகலெடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். நீல மையில் இருப்பது குவென்யா, சிவப்பு மையில் இருப்பது சிந்தாரின். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பவை பசார் தெருவிலிருந்து நாங்கள் கொண்டுவந்தவை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
ஜெலுத்தோங், பினாங்கு.